மறதிநோயைக் கண்டறியும் சோதனைகள்: கல்வி அளவு முடிவை மாற்றுவது எப்படி?

முதியவர் ஒருவருக்கு 'டிமென்ஷியா' எனப்படும் மறதிநோய் இருக்கிறதா என்ற ஐயம் எழும்போது, மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் மேற்கொள்வது ஸ்கேன் பரிசோதனை அல்ல. சில கேள்விகளும் சில எளிய செயல்களும் அடங்கிய, ஏறத்தாழ 10 நிமிட 'அறிதிறன் சோதனை'தான். ஆனால், உலகெங்கும் பயன்படுத்தப்படும் இத்தகைய சோதனைகளில் பல, பள்ளிக்கூடம் சென்றவர்களை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை.

இதன் விளைவு இரு வகையானது. பள்ளிக்கே செல்லாத, நலமாக உள்ள முதியவர் நோயாளி என்று தவறாகக் கணிக்கப்படலாம். நன்கு படித்த ஒருவர், நோய் தொடங்கிய பின்னரும் உயர்ந்த மதிப்பெண் பெற்று, நலமானவர் என்று திருப்பி அனுப்பப்படலாம்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்வதாக 2023-ஆம் ஆண்டில் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு தெரிவிக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு விகிதம் 18.33 சதவீதம் மட்டுமே. பெண்களிடையே அது 8.86 சதவீதம். இன்று 80 வயதை எட்டியிருப்பவர்கள், அந்தக் காலகட்டத்தில் பள்ளி வயதில் இருந்த குழந்தைகள். எனவே, மறதிநோய் அதிகம் தாக்கும் வயதில் உள்ளவர்களில் பெருந்தொகையினர், அதிலும் குறிப்பாகப் பெண்கள், முறையான கல்வி பெறாதவர்கள். அவர்களை எந்த அளவுகோலால் அளப்பது என்பது இந்திய மருத்துவத்தின் முக்கியக் கேள்விகளில் ஒன்று.

30 மதிப்பெண் சோதனை

மறதிநோய் என்பது தனியொரு நோயின் பெயர் அன்று. நினைவாற்றல், மொழி, கவனம், திட்டமிடும் திறன் ஆகியவை படிப்படியாகக் குறைந்து, அன்றாட வாழ்க்கையைத் தன்னிச்சையாக நடத்த இயலாத நிலையையே அச்சொல் குறிக்கிறது. இதற்கான காரணங்களில் முதன்மையானது அல்சைமர் நோய்.

இத்திறன்களை விரைவாக மதிப்பிட 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்களான மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ ஆகியோர் உருவாக்கிய 'மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்' (எம்எம்எஸ்இ) என்ற சோதனையே உலகில் மிகப் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. இதன் மொத்த மதிப்பெண் 30. பொதுவாக, 24-க்குக் கீழ் பெறுபவர்களுக்கு அறிதிறன் குறைபாடு இருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது.

ஆண்டு, மாதம், தேதி, இருக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்ல 10 மதிப்பெண்கள். மூன்று சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல 3, சிறிது நேரம் கழித்து அவற்றை நினைவுகூர 3 மதிப்பெண்கள். நூறில் தொடங்கி ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வருவதற்கு 5 மதிப்பெண்கள். 'கண்களை மூடவும்' என்று எழுதப்பட்டிருப்பதைப் படித்து அவ்வாறே செய்வது, ஒரு வாக்கியம் எழுதுவது, ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது ஆகியவற்றுக்குத் தலா 1 மதிப்பெண். எஞ்சியவை பொருள்களின் பெயரைச் சொல்லுதல், சொன்ன தொடரைத் திருப்பிச் சொல்லுதல், கட்டளைகளைப் பின்பற்றுதல் ஆகியவற்றுக்கு உரியவை.

கணக்கு சொல்லும் உண்மை

பேனா பிடித்தறியாத, எண்களை எழுதிக் கழித்துப் பழகாத ஒரு முதியவரை இச்சோதனைக்கு உட்படுத்தினால் என்ன நேரும்? தொடர் கழித்தலில் 5, படிப்பதில் 1, எழுதுவதில் 1, வரைவதில் 1 என 8 மதிப்பெண்களை அவர் இழக்க நேரிடலாம். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அவர் சரியாகப் பதிலளித்தாலும் கிடைப்பது 22 மதிப்பெண்தான். அதாவது, நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லாதபோதே அவர் 24 என்ற எல்லைக்குக் கீழே வந்துவிடுகிறார்.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களை ஆராய்ந்து 1993-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒன்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் பள்ளியில் படித்தவர்களின் இடைநிலை மதிப்பெண் 29 ஆக இருந்தது. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் படித்தவர்களுக்கு அது 26. நான்கு ஆண்டுகளும் அதற்குக் குறைவாகவும் படித்தவர்களுக்கு 22. பள்ளி ஆண்டுகள் குறையக் குறைய மதிப்பெண்ணும் குறைந்தது.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் உருவாக்கப்பட்டு 2005-இல் வெளியான 'மோக்கா' சோதனை, நோயின் தொடக்க நிலையை மேலும் நுட்பமாகக் கண்டறியக்கூடியது. அதே அளவுக்குக் கல்வியைச் சார்ந்தும் நிற்பது. எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பது, கனசதுரம் வரைவது, கடிகார முகம் வரைந்து முட்களைக் குறிப்பது, குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்குவது ஆகியவை இதில் உண்டு. 12 ஆண்டுகளும் அதற்குக் குறைவாகவும் படித்தவர்களுக்கு 1 மதிப்பெண் கூடுதலாக வழங்க விதி உள்ளது. ஆனால், பதினோராம் வகுப்பு வரை படித்தவருக்கும் பள்ளி வாசலையே மிதிக்காதவருக்கும் அதே ஒரு மதிப்பெண்தான். இக்குறையைக் களையும் நோக்கில், குறைந்த கல்வி பெற்றவர்களுக்கான 'மோக்கா-பேசிக்' என்ற தனி வடிவம் பின்னர் உருவாக்கப்பட்டது.

எழுத்தறிவு எதை மாற்றுகிறது?

எழுத்தறிவு இல்லாமை என்பது அறிவுக் குறைவு அன்று. அதே வேளையில், படிக்கக் கற்றல் மூளை தகவல்களைக் கையாளும் முறையையே மாற்றுகிறது என்பதும் ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது.

இதில் போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர்கள் மேற்கொண்ட ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. அந்நாட்டின் தென்கோடியில் உள்ள மீனவர் ஊர் ஒன்றில், முந்தைய தலைமுறையில் மூத்த மகள் வீட்டு வேலைக்காகப் பள்ளிக்கு அனுப்பப்படாமலும், தங்கைகள் பள்ளிக்கு அனுப்பப்பட்டும் வளர்ந்தனர். ஒரே வகைச் சூழலில் வளர்ந்த, எழுத்தறிவு ஒன்றில் மட்டும் வேறுபட்ட பெண்களை ஒப்பிட்டுப் பார்க்க இது வழிவகுத்தது.

பொருள்களை நேரில் காட்டிப் பெயர் கேட்டபோது இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே மாதிரி பதிலளித்தனர். அதே பொருள்களைக் கோட்டோவியமாகக் காட்டியபோது எழுத்தறிவற்றவர்கள் தடுமாறினர். பொருளுள்ள சொற்களை அவர்களால் எளிதில் திருப்பிச் சொல்ல முடிந்தது. பொருளற்ற ஒலித்தொடர்களைச் சொல்வதில் சிரமம் இருந்தது. ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயர்களைச் சொல்லுமாறு கேட்டபோது அவர்கள் பின்தங்கினர். கடையில் வாங்கும் உணவுப் பொருள்களைச் சொல்லக் கேட்டபோது அந்த இடைவெளி காணப்படவில்லை.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. சோதிக்கப்படுவது ஒரே திறன்தான் என்றாலும், அது பள்ளிக்கூட வடிவில் கேட்கப்படுகிறதா, வாழ்க்கை வடிவில் கேட்கப்படுகிறதா என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

பல்லப்கரில் உருவான மாற்று

இப்பாடத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த தொடக்ககால முயற்சிகளில் ஒன்று இந்தியாவில் நடந்தது. ஹரியாணா மாநிலத்தின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில், இந்திய-அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து 1990-களில் மேற்கொண்ட ஆய்வுக்காக 'ஹிந்தி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்' (எச்எம்எஸ்இ) உருவாக்கப்பட்டது. 1995-இல் வெளியிடப்பட்ட இச்சோதனை, ஆங்கிலச் சோதனையின் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு அன்று; அதன் நோக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்விகளை மாற்றி அமைத்தது.

நேர உணர்வை அறிய, இது காலையா, பகலா, மாலையா என்று கேட்கப்பட்டது. கவனத்தைச் சோதிக்க, வாரத்தின் நாள்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லப்பட்டது. நினைவில் வைக்க வேண்டிய சொற்களாக மாம்பழம், நாற்காலி, நாணயம் ஆகியவை தேர்ந்தெடுக்கப்பட்டன. 'கண்களை மூடவும்' என்ற எழுத்துக்குப் பதிலாக, 'என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைப் போலவே செய்யுங்கள்' என்று கூறிக் கண்களை மூடிக்காட்டினர். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, தம் வீட்டைப் பற்றி ஏதேனும் ஒன்றைச் சொன்னால் போதும்.

பல்லப்கரில் 55 வயதைக் கடந்த 5,126 பேர் ஆய்வு செய்யப்பட்டனர். அவர்களில் 73.3 சதவீதத்தினர் எழுத்தறிவு இல்லாதவர்கள். 65 வயதைக் கடந்தவர்களில் 1.36 சதவீதத்தினருக்கே மறதிநோய் இருப்பதாக 1998-இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன.

வேலூர் கிராமங்கள் எழுப்பிய கேள்வி

எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருப்பது உண்மையில் நோய் குறைவாக இருப்பதாலா, அல்லது நோயை அடையாளம் காணும் முறையில் உள்ள குறையாலா? இக்கேள்விக்கு விடை தேடியவற்றுள் முக்கியமானது '10/66 மறதிநோய் ஆய்வுக் குழு'. மறதிநோயாளிகளில் சுமார் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே அந்நாடுகளைப் பற்றி நடக்கின்றன என்ற முரணே இப்பெயரின் பின்னணி. 1998-இல் கொச்சியில் நடந்த கூட்டத்தில் இக்குழு உருவானது.

கல்வியின் தாக்கத்தைப் பிரித்தறிய இக்குழு கையாண்ட வழி கவனத்துக்குரியது. இந்தியா உள்பட பல நாடுகளின் 25 மையங்களில், 60 வயதைக் கடந்த 2,885 பேர் நான்கு பிரிவுகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்: மறதிநோய் உள்ளவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், நோயற்ற உயர்கல்வி பெற்றவர்கள், நோயற்ற குறைந்த கல்வி பெற்றவர்கள். நான்காவது பிரிவினரை முதல் பிரிவினராகத் தவறாகக் கருதாத முறையே சரியான முறை என்பதுதான் அளவுகோல். முதியவரிடம் கேட்கும் கேள்விகளுடன், அவரை நன்கு அறிந்த உறவினரிடம் பெறும் தகவலையும் இணைத்துப் பார்க்கும் முறை இவ்வாறு வகுக்கப்பட்டது. இதன் முடிவுகள் 2003-இல் வெளியாயின.

பின்னர் லத்தீன் அமெரிக்கா, சீனா, இந்தியா ஆகிய பகுதிகளில் நடந்த ஆய்வில் சென்னையும் வேலூர் மாவட்டக் கிராமங்களும் இடம்பெற்றன. 2008-இல் வெளியான முடிவுகளின்படி, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அப்போதைய வரையறையைப் பயன்படுத்தியபோது, இந்தியக் கிராமப்புறத்தில் 65 வயதைக் கடந்தவர்களிடையே மறதிநோய் 0.3 சதவீதம் மட்டுமே. கியூபாவில் அது 6.3 சதவீதம். ஆனால் 10/66 முறையில் கணக்கிட்டபோது, எல்லா இடங்களிலும் அது 5.6 முதல் 11.7 சதவீதம் வரை இருந்தது.

மக்கள் மாறவில்லை, அளக்கும் கோல்தான் மாறியது. முதியவரின் மறதியை வயதின் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் அதை நோயின் அறிகுறியாகச் சொல்வதில்லை. கடைக்குப் போவதும் கணக்குப் பார்ப்பதும் பிள்ளைகளின் பொறுப்பாகிவிட்ட வீடுகளில், அத்திறன்கள் குறைந்தது வெளியே தெரிவதும் இல்லை.

ஆக, பொருந்தாத சோதனை நலமானவர்களை நோயாளியாக்கும் ஆபத்து ஒருபுறம் என்றால், உண்மையான நோயாளிகள் கணக்கிலேயே வராமல் போகும் ஆபத்து மறுபுறம்.

வீட்டார் தரும் தகவல்

இந்த இரு ஆபத்துகளையும் குறைக்கும் வழிகளில் ஒன்று, முதியவரை அவருடைய கடந்த காலத்துடனேயே ஒப்பிடுவது. ஆஸ்திரேலியாவில் 1989-இல் வெளியான 'ஐக்யூகோட்' வினாப்பட்டியல் இதற்காக உருவாக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலையோடு ஒப்பிட, பெயர்கள் நினைவில் நிற்பது, புதிய கருவியைக் கையாளக் கற்பது, பண விவகாரங்களைக் கவனிப்பது போன்றவை மேம்பட்டுள்ளனவா, மோசமாகியுள்ளனவா என்று உறவினரிடம் கேட்கப்படும். இங்கே பள்ளிப்படிப்பின் தாக்கம் மிகக் குறைவு.

ஆனால் கேள்விகள் முதியவரின் வாழ்க்கைக்குப் பொருந்த வேண்டும். வங்கிக்கே செல்லாதவரிடம் காசோலை நிரப்புவதைப் பற்றிக் கேட்பதில் பயனில்லை. இதற்காகவே, பல்லப்கர் ஆய்வின் தொடர்ச்சியாக, இந்தியக் கிராம வாழ்க்கைக்கு ஏற்ற அன்றாடச் செயல்திறன் அளவுகோல் ஒன்று 1999-இல் வெளியிடப்பட்டது.

தேசிய அளவிலான முயற்சிகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) உருவாக்கிய நரம்பியல் அறிதிறன் சோதனைத் தொகுப்பு, ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் தரப்படுத்தப்பட்டு 2020-இல் முடிவுகள் வெளியிடப்பட்டன. எழுத்தறிவு உள்ளவர்கள், இல்லாதவர்கள் என இரு சாராருக்கும் பொருந்தும் வகையில் இது வடிவமைக்கப்பட்டது. மொழிகளுக்கு இடையே வெறும் மொழிபெயர்ப்பு போதாது என்பதற்குச் சொல் அடுக்கும் சோதனை ஒரு சான்று. ஆங்கிலத்தில் தனி எழுத்தைக் கொடுத்துச் சொற்களைக் கேட்பது எளிது. உயிர்மெய் எழுத்துகள் கொண்ட இந்திய மொழிகளில் 'க' என்பது ஓர் எழுத்தா, 'கா, கி, கீ' எனத் தொடரும் வரிசையா என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும்.

7.4 சதவீதம் என்ற தேசிய மதிப்பீட்டை அளித்த 'லாசி-டாட்' ஆய்வு, 60 வயதைக் கடந்த 4,096 பேரை விரிவாகச் சோதித்தது. மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல், சோதனை முடிவுகளையும் உறவினர் அளித்த தகவல்களையும் மருத்துவர்கள் சேர்த்துப் பரிசீலித்து, இணையவழியில் கலந்து முடிவெடுத்தனர். பெண்களில் 9 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 5.8 சதவீதத்தினருக்கும் மறதிநோய் இருப்பதாகவும், கிராமப்புறத்தில் 8.4 சதவீதமும் நகர்ப்புறத்தில் 5.3 சதவீதமும் இருப்பதாகவும் அம்மதிப்பீடு கூறுகிறது.

கல்வி: அளவீட்டுப் பிழையா, உண்மைக் காரணமா?

இரண்டும்தான் என்பதே விடை. குறைந்த கல்வி மதிப்பெண்ணைக் குறைத்துக் காட்டுவதோடு, நோய் வரும் வாய்ப்பையும் உண்மையிலேயே கூட்டுகிறது. மறதிநோய்த் தடுப்பு குறித்த 'லான்செட்' ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளில் இளம் வயதில் போதிய கல்வி பெறாமையும் ஒன்று. இந்த 14 காரணிகளையும் களைந்தால், உலகில் ஏற்படும் மறதிநோயில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அதன் கணிப்பு.

கல்வியும் அறிவுக்கு வேலை கொடுக்கும் தொழிலும் மூளைக்கு ஒரு 'சேமிப்புத் திறனை' அளிக்கின்றன என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். அந்தச் சேமிப்பு பள்ளியில் மட்டுமே கிடைப்பதன்று. ஹைதராபாத்தில் 648 மறதிநோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரண்டும் அதற்கு மேலும் மொழிகள் பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியது தெரியவந்தது. எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது.

படித்தவர்களிடம் மறையும் நோய்

சேமிப்புத் திறனுக்கு மறுபக்கமும் உண்டு. பல ஆண்டுகள் படித்து, எழுத்தும் கணக்குமாக வாழ்ந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் அல்லது வங்கி அதிகாரிக்கு 30 மதிப்பெண் சோதனை மிக எளிது. மூளையில் பாதிப்பு தொடங்கிய பின்னரும் அவர் 28 பெறக்கூடும். வழக்கமான வேலைகளில் தடுமாற்றம் ஏற்படுவதைக் குடும்பத்தார் கண்டு சொன்னாலும், மதிப்பெண்ணைக் காட்டி ஐயம் ஒதுக்கப்படலாம். இத்தகையோருக்கு மேலும் கடினமான, விரிவான நரம்பியல்-உளவியல் சோதனை தேவைப்படும்.

சிகிச்சைத் துறையின் மாற்றங்களும் மதிப்பெண்ணின் எடையைக் கூட்டியுள்ளன. அல்சைமர் நோயின் தொடக்க நிலைக்காக அமெரிக்காவில் 2023-இல் முழு ஒப்புதல் பெற்ற லெக்கானிமாப் மருந்தின் முதன்மைச் சோதனையில், எம்எம்எஸ்இ மதிப்பெண் 22 முதல் 30 வரை உள்ளவர்களே சேர்க்கப்பட்டனர். 2024-இல் ஒப்புதல் பெற்ற டொனானிமாப் மருந்துக்கு அந்த வரம்பு 20 முதல் 28. இவ்வாறு ஒரு மதிப்பெண் சிகிச்சையின் நுழைவாயிலாக மாறும்போது, பள்ளிக்குச் செல்லாதவர் நோயின் கடுமையால் அன்றி, கல்வியின்மையால் வெளியே நிறுத்தப்படும் நிலை உருவாகக்கூடும்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

• முதியவர் எத்தனை ஆண்டுகள் படித்தார், எம்மொழியில் பேசிப் பழகியவர், என்ன தொழில் செய்தார் என்பதைச் சோதனைக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.

• சோதனை முதியவரின் தாய்மொழியில் நடைபெற வேண்டும். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். கேள்வி காதில் விழாததும் தவறான பதிலாகவே பதிவாகும்.

• அருகில் இருப்பவர்கள் பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. உறவினரின் கருத்து தனியே கேட்கப்படுவதே முறை.

• சமைத்துப் பழகியவர் உப்பை இருமுறை போடுவது, தெரிந்த வழியில் தடம் மாறுவது, பணத்தை எண்ணுவதில் புதிதாகத் தடுமாறுவது போன்ற மாற்றங்களையும், அவை தொடங்கிய காலத்தையும் குறித்து வைப்பது பயன் தரும்.

• வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுள் பல, சிகிச்சையால் சரிசெய்யக்கூடியவை. சில நாள்களிலேயே திடீரெனக் குழப்பம் ஏற்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

• ஒருமுறை பெற்ற மதிப்பெண் இறுதித் தீர்ப்பு அன்று. சில மாதங்கள் கழித்து அதே சோதனையை மீண்டும் செய்து, முதியவரின் முந்தைய மதிப்பெண்ணுடன் ஒப்பிடும்போதே உண்மையான மாற்றம் தெரியவரும்.

முதியோர் நலன் தொடர்பான உதவிகளுக்கு 14567 என்ற தேசிய உதவி எண்ணையும், மனநலம் சார்ந்த ஆலோசனைக்கு 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.